பிள்ளைகள் தூங்கும் அறையா, வீட்டு கோடவுனா?

"பாருங்க சார்... இதுங்க ரூமை எப்படி வச்சிருக்குன்னு பாருங்க. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது!"

இந்த வசனத்தை நீங்களும் வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசியிருப்பீர்கள். நான் கேட்டது ரஞ்சன்குடியில். பெரம்பலூரைத் தாண்டி சென்னைப் பக்கம் போகும்போது நெடுஞ்சாலையிலிருந்தே ஒரு கோட்டை தெரியுமே, அந்த ஊர்தான். அந்த வீட்டு அப்பாயிக்கு மூட்டுவலி. பஸ் ஏறி வைத்தியசாலைக்கு வர முடியாது என்பதால் நானே தைலத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மருமகள் பள்ளிக்கூட ஆசிரியை. மகனுக்குத் தனியார் கம்பெனியில் வேலை, கூடவே கொஞ்சம் நிலபுலம். பிள்ளைகள் இரண்டு. பெரியவள் ஆறாவது, சின்னவன் இரண்டாவது.

சின்னவன் எனக்கு ஏற்கெனவே பழக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுகிற பிள்ளை. குழந்தை மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார். அதோடு என்னிடமும் கூட்டி வந்தார்கள். ஆடாதோடை மணப்பாகு கொடுத்தேன். "கொஞ்சம் தேவலை சார்" என்பார்கள். பதினைந்து நாளில் திரும்பி வந்து நிற்பார்கள். எனக்கே என் மருந்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது, போங்கள்!

அந்த அறையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

பத்துக்குப் பத்து அறை. ஒரு பக்கச் சுவரை அடைத்துக்கொண்டு இரும்பு பீரோ. உள்ளே அம்மாவின் பட்டுப்புடவைகள். பீரோவுக்கு மேலே இரண்டு சூட்கேஸ், அதற்கு மேலே பழைய மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி. ஜன்னலை மறைத்துக்கொண்டு தையல் மெஷின். கட்டிலுக்கு அடியில் அப்பாயியின் ட்ரங்குப் பெட்டி, அதில் பேத்தி கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்த பித்தளைப் பாத்திரங்கள். மூலையில் விருந்தாளி வந்தால் விரிக்க நாலு இலவம்பஞ்சு மெத்தைகள், சுருட்டி வைத்தது. கொடியில் காயாத துணி. கல்யாண வீடுகளில் வாங்கி வந்த தாம்பூலப் பைகள் ஒரு மூட்டை. இதெல்லாம் போதாதென்று, விலை ஏறட்டும் என்று நாலு மூட்டை மக்காச்சோளம்!

பிள்ளைகளுடைய சாமான் என்று பார்த்தால்? இரண்டு ஸ்கூல் பை, ஒரு கேரம் போர்டு, ஒரு பிளாஸ்டிக் கூடையில் உடைந்ததும் உடையாததுமாகப் பொம்மைகள், புத்தகக் கட்டு. அவ்வளவுதான். அது தரையில் இறைந்து கிடந்தது, உண்மை. வைக்க வேறு இடம் எங்கே இருக்கிறது?

"ஏம்மா, இந்த ரூம்ல பிள்ளைங்க சாமான் எவ்வளவு, பெரியவங்க சாமான் எவ்வளவு? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அந்தம்மா சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பதில் பேசவில்லை. பெரியவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். பிள்ளைகள் அறை குப்பையாகக் கிடக்கிறது என்று நாம் திட்டுகிறோம். அந்த அறையைக் குப்பையாக்கியது பெரும்பாலும் பிள்ளைகள் இல்லை, நாம்தான். ஹாலில் வைத்தால் வருபவர்கள் பார்ப்பார்கள், நம் படுக்கையறையில் வைத்தால் நமக்கு இடைஞ்சல், ஆகவே பிள்ளைகள் அறையில் போடு! அவர்கள் சின்னவர்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள். நம் வீடுகளில் 'பிள்ளைங்க ரூம்' என்பதற்குப் பாதி அர்த்தம் கோடவுன்தான்.

"சார், ரூம் சின்னது. நாங்க என்ன செய்ய?" என்பீர்கள். சின்னதுதான். ஆனால் தேசியக் கட்டட விதித் தொகுப்பில், ஒரு வீட்டில் இரண்டு அறை இருந்தால் இரண்டாவது அறை 7.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. ஏறக்குறைய 80 சதுர அடி. உங்கள் பத்துக்குப் பத்து அதைவிடப் பெரியது. விதி போட்டவர்கள் மனிதர்கள் புழங்க என்று கணக்குப் போட்டார்கள். ரஞ்சன்குடி அறையில் பீரோ, கட்டில், மூட்டை எல்லாம் போக மிச்சமிருந்த தரை ஆறடிக்கு நாலடி. அதில்தான் பெரியவள் பாய் விரித்துப் படுக்கிறாள்!

அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு வெங்காயப் பட்டறை இருந்தது. எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். தரையில் ஈரம் ஏறக்கூடாது என்று கல் அடுக்கி உயர்த்தி, இரண்டு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டு, அகலத்தைக் குறைத்து நீளமாகக் கட்டி, மேலே கூரை போட்டிருப்பார்கள். காற்றுப் போகாவிட்டால் வெங்காயம் அழுகிவிடும், பணம் போச்சு. அப்பாயியிடமே கேட்டேன். "ஆத்தா, வெங்காயத்துக்குக் காத்து விட்டிருக்கீங்க, பேரனுக்கு ஜன்னலைத் தையல் மெஷினை வச்சு அடைச்சிருக்கீங்களே, நியாயமா?" கிழவி மகனைப் பார்த்து, "கேளுடா!" என்றார்.

சரி, சாமான் இருந்தால் இருமல் வருமா? நேரடியாக வராது. ஆனால் சாமான் இருக்கிற இடத்தைத் துடைக்க முடியாது, அங்கே தூசி தங்கும். வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி வாழ்கிறது. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. மெத்தை, தலையணை, துணி மூட்டை, பஞ்சு பொம்மை இதெல்லாம் அதன் குடியிருப்பு. கொஞ்சம் ஈரப்பதமும் இருந்துவிட்டால் பெருகிக்கொண்டே போகும். அதன் கழிவுதான் அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கு இளைப்பைக் கிளப்புகிறது. அந்த நாலு மெத்தையையும் பையனின் தலைமாட்டில் சுருட்டி வைத்திருந்தார்கள் என்றால், நான் ஆடாதோடை கொடுத்து என்ன பிரயோசனம்? (அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். மூச்சு வாங்கி, விலா உள்ளே இழுத்து, பேச முடியாமல் பிள்ளை திணறினால் சித்த வைத்தியரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.)

தேரையர் தம் நோயணுகா விதியில், நோய் அண்டாமல் இருக்க என்னென்ன செய்ய மாட்டோம் என்று ஒரு பட்டியலே போடுகிறார். ஆடு, கழுதை, துடைப்பம் இவற்றிலிருந்து கிளம்பும் தூசி மேலே படுகிற மாதிரி கிட்டே போக மாட்டோம் என்பது அதில் ஒன்று. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கழுதையும் துடைப்பமும் ஒரே வரிசையில் வருகிறதே என்று! இப்போது பிள்ளை படுத்திருக்கும்போதே அவசர அவசரமாகக் கூட்டுகிற வீடுகளைப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை. கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. கூட்டத்தான் வேண்டுமென்றால் பிள்ளை வெளியில் இருக்கும்போது கூட்டுங்கள்.

தூசியோடு நிற்பதில்லை. அட்டைப்பெட்டி அடுக்கினால் கரப்பான் வரும். 1997-ல் அமெரிக்காவில் 8 பெருநகரப் பகுதிகளைச் சேர்ந்த, ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கரப்பான் அலர்ஜியும் இருந்து, தூங்கும் அறையில் கரப்பான் கழிவும் அதிகமாக இருந்த குழந்தைகள்தான் மற்றவர்களைவிட அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்தவர்கள்.

மூட்டை அடுக்கினால் எலி வரும். எலி வந்தால் மருந்து வைப்போம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். எலிக்காக வீட்டுக்குள் மருந்து வைத்திருந்தார்கள். அன்று இரவு ஏசி போட்டுக்கொண்டு தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் விடியும்போது இல்லை. பெற்றோர் ஆஸ்பத்திரியில். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. எங்கள் பக்கம் மக்காச்சோளத்தில் வண்டு விழாமல் இருக்க மூட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து விஷவாயு கிளம்பும். மாத்திரை போட்ட மூட்டை இருக்கும் அறையிலும், அதை ஒட்டிய அறையிலும் மனிதர்கள் தூங்கவே கூடாது. ரஞ்சன்குடி வீட்டில் அதைத்தான் முதலில் கேட்டேன். "போடலை சார்" என்றார் மகன். நல்லவேளை.

பீரோவைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனை. சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும். வெளியில் பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையோடு வைத்த துணியைப் போட்டதனால் ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கண்டதுண்டு. கற்பூரமும் அப்படித்தான். மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்திலேயே வலிப்பு வரலாம். இரண்டையும் பிள்ளைகள் அறையை விட்டு எடுத்துவிடுங்கள்.

கொசுவத்திச் சுருள்? ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளியாகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை பிடித்ததற்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மூடின அறையில் அதை ஏற்றி வைத்துவிட்டு, 'என் பிள்ளைக்கு ஏன் இருமுது' என்று கேட்டால் எப்படி? இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். தொழில் ஆரம்பித்த புதிதில், கொசுவுக்கு நொச்சி இலைப் புகை போடுங்கள், சாம்பிராணி காட்டுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லி அனுப்பியிருக்கிறேன். இளைப்புள்ள பிள்ளைக்கு எந்தப் புகையும் ஆகாது. மூலிகைப் புகையும் புகைதான். இப்போது கொசுவலை என்றுதான் சொல்கிறேன். வலை கட்டவும் இடம் வேண்டும், சாமானை எடுத்தால்தான் கட்ட முடியும், பாருங்கள்!

இனி, எப்படி ஒழிப்பது?

ஜப்பானில் மரி கோண்டோ என்ற பெண்மணி வீட்டை ஒழுங்கு செய்வதற்கென்றே 2011-ல் புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்றார். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா' என்று கேட்டுப்பார், தராவிட்டால் அனுப்பிவிடு என்பது அவர் வழி. நல்ல வழிதான். ஆனால் ஏழு வயசுப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். தேய்ந்த ரப்பர் மகிழ்ச்சி, கூழாங்கல் மகிழ்ச்சி, கோலிசோடா மூடி பரம மகிழ்ச்சி! அந்த அம்மையாருக்கே மூன்று குழந்தைகள் ஆன பிறகு, முன்னைப்போல வீட்டை வைத்துக்கொள்ள முடியவில்லை, விட்டுவிட்டேன் என்று 2023-ல் சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததே அதற்குப் பிறகுதான்.

என் யோசனை வேறு. பிள்ளைகள் சாமானில் கை வைக்காதீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் சாமானை மட்டும் வெளியே எடுங்கள். மூட்டை, மெத்தை, தாம்பூலப் பை, ஓடாத மிக்ஸி, 'எப்பவாவது உதவும்' என்று வைத்த அட்டைப்பெட்டி. பாதி அறை அப்போதே காலியாகிவிடும். நாற்பது தாம்பூலப் பை எதற்கு என்று உங்களுக்கே தோன்றும். பழைய பேப்பர் கடைக்காரருக்கும் நல்ல நாள். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் தடையில்லாமல் போய்வர வேண்டும், அதுதான் கணக்கு. மெத்தையையும் தலையணையையும் மொட்டை மாடியில் போட்டு நல்ல வெயிலில் காய வைத்துத் தட்டுங்கள். தட்டுகிற இடத்தில் பிள்ளை வேண்டாம். விரிப்பும் உறையும் வாரம் ஒரு தடவை, கை பொறுக்காத சூட்டில் உள்ள வெந்நீரில் ஊற வேண்டும். 55, 60 டிகிரி சூடு இருந்தால்தான் அந்தப் பூச்சி சாகும்.

பீரோவை நகர்த்த முடியவில்லையா? இருக்கட்டும், சுவரோடு சேர்த்து ஆணி அடித்து இறுக்கிவிடுங்கள். இழுப்பறையைப் படி மாதிரி மிதித்து ஏறுவது பிள்ளைகள் சுபாவம். அப்படிச் சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்ததால்தான், சுவீடனைச் சேர்ந்த ஐக்கியா நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. பீரோ மேல் சூட்கேஸ் அடுக்குவதும் வேண்டாம்.

பிள்ளைகள் சாமானுக்கு அடுத்த ஞாயிறு வரட்டும். அவர்களையும் உட்கார வைத்துக்கொண்டுதான். பொம்மை எல்லாவற்றையும் பரப்பி வைக்காதீர்கள். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 36 சின்னக் குழந்தைகளை 16 பொம்மைகளோடு ஒரு தடவையும் 4 பொம்மைகளோடு ஒரு தடவையும் விளையாடவிட்டுப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நாலே நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்களாம். கொஞ்சத்தை மட்டும் வெளியே வையுங்கள், மிச்சம் ஒரு பையில் கட்டிப் பரணுக்குப் போகட்டும். மாதம் ஒரு தடவை மாற்றிவிட்டால், பழைய பொம்மையே புதுப் பொம்மை!

பாடப்புத்தகம் தனித் தலைவலி. 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது பை கனம் குறைந்தது, வீட்டில் புத்தகக் கட்டு மூன்றானது. போன வருஷத்துப் புத்தகத்தைத் தெருவில் ஒரு வகுப்புக் கீழே படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். சட்டை மாட்ட, பை மாட்ட ஆணி அடிக்கும்போது உங்கள் உயரத்துக்கு அடிக்காதீர்கள், சின்னவன் கைக்கு எட்டும் உயரத்தில் அடியுங்கள். 'எடுத்து வைக்க மாட்டேங்கிறான்' என்று புகார் சொல்கிற பாதி வீடுகளில் ஆணி அஞ்சரை அடி உயரத்தில் இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன சமயம் பார்த்து அவர்கள் பொருளைத் தூக்கிப் போடுவது. நான் செய்தேன். என் மகனுக்கு எட்டு வயது. சக்கரம் போன ஒரு தகர பஸ், பஸ் டிக்கெட்டாகச் சேர்த்த ஒரு டப்பா. குப்பை என்று நினைத்துக் கொட்டிவிட்டேன். சாயங்காலம் வந்து தேடினான். அழவில்லை. 'அப்பா, என்னைக் கேட்டிருக்கலாம்ல?' என்றான். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் தன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுத்தான் வைக்கிறான். சிரித்துக்கொண்டேதான் பூட்டுகிறான். எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

ஒரே அறையில் இரண்டு பிள்ளை என்றால் அங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரஞ்சன்குடிப் பெரியவளிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று தனியாகக் கேட்டேன். புதுக் கட்டில் கேட்பாள், மேஜை கேட்பாள் என்று நினைத்தேன். "ஒரு பூட்டு வேணும் சார். தம்பி என் நோட்ல கிறுக்குறான். அப்புறம்... டிரஸ் மாத்த இடமே இல்ல" என்றாள். பதினொரு வயது. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் பெரிய மனுஷி ஆகப்போகிற பெண். வீட்டில் இத்தனை பெட்டிக்கு இடம் இருக்கிறது, அவள் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு மூலை இல்லை. அவள் சிடுசிடுப்புக்கும், ஓயாத அக்கா தம்பி சண்டைக்கும் இதில் பாதிக் காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கயிறு கட்டித் திரை போட எவ்வளவு செலவு? பீரோவில் புடவைத் தட்டு ஒன்றைக் காலி செய்து, பூட்டிச் சாவியை அவளிடம் கொடுக்க எவ்வளவு செலவு? 'சின்னப் பிள்ளைக்கு என்ன ரகசியம்' என்று கேட்காதீர்கள். தம்பிக்கும் அதேபோல ஒரு தட்டு, அவன் பெயர் எழுதி ஒட்டி. அதில் கோலிசோடா மூடியை அவன் எப்படி வேண்டுமானாலும் அடுக்கட்டும், நாம் கேட்கக்கூடாது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அப்பாயியைப் பார்க்கப் போனேன். மூட்டை போயிருந்தது, நல்ல விலை கிடைத்ததாம். தையல் மெஷின் திண்ணைப் பக்கம் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் கோட்டை மதில் தெரிகிறது, அதுவே எனக்கு அன்றுதான் தெரியும். பையன் இன்ஹேலரை விடவில்லை. ராத்திரி எழுந்திருப்பது குறைந்திருக்கிறது, நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். பனிக்காலம் வந்தால்தான் தெரியும். பூப்போட்ட திரைக்குப் பின்னாலிருந்து, "சார் வந்திருக்காரா?" என்று பெரியவள் குரல் கேட்டது.

அப்பாயியின் ட்ரங்குப் பெட்டி மட்டும் அறையை விட்டுப் போகவில்லை. மகனும் மருமகளும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்களாம். "அது என் பேத்தி சொத்து, அவ ரூம்லதான் இருக்கும்" என்றுவிட்டார் கிழவி. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து ஜன்னலோரம் போட்டு, மேலே ஒரு பழைய போர்வையை மடித்து விரித்திருந்தார்கள். கேரம் போர்டை அதன்மேல் வைத்து அக்காவும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.